வண்டி வராத கரை

பாண்டி பஜாரில் வெள்ளைத்துரை அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் நான் பதினோரு வருஷம் நின்றேன். என் பெயர் இசக்கிமுத்து. அண்ணாச்சியின் தங்கை சண்முகவடிவு கடையின் மேல்மாடியில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். ஜாக்கெட் வெட்டுவது, சேலைக்கு ஓரம் அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கடைக்காரப் பையன்கள் முதல் பெரியவர்கள் வரை எல்லாருக்கும் அவர் வடிவக்கா.

வடிவக்காவுக்குக் காது கேட்காது. பிறவியில் அப்படியில்லை. அறுபத்தாறாம் வருஷம், இருபத்துநாலு வயதில், நெஞ்சில் காசநோய் கண்டு தொண்ணூறு ஊசி போட்டார்கள். நோய் போயிற்று. கூடவே காதும் போயிற்று. அந்த மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் போட்டார். "மூச்சா, காதான்னு கேட்டா நீ எதைச் சொல்லுவே?" என்று அக்கா என்னிடம் ஒருதரம் கேட்டார். அந்த ஊசியை அவர் ஒருநாளும் திட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

காதோடு உடம்பின் நிதானமும் கொஞ்சம் போயிருந்தது. ஆறு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு கண்ணாலேயே நிதானம் பிடிக்கப் பழகினார். எதிரே தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டு போனால் தள்ளாட்டம் இல்லை. தலையைச் சட்டென்று பின்னால் திருப்பினால் மட்டும் தரை சாய்வதுபோல இருக்கும்.

நோய்க்கு முன்னால் அவருக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. பள்ளிக்கூடம் போனது, சாயங்காலம் பனகல் பார்க்கைச் சுற்றி வந்தது எல்லாம் அதில்தான். உடம்பு தேறியதும் ஒருநாள் அதை வெளியே எடுத்தார். உஸ்மான் ரோட்டில் பின்னால் வந்த லாரி அடித்த ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. லாரிக்காரர் எப்படியோ ஒடித்துத் திருப்பிவிட்டார். அக்கா ஓரத்தில் விழுந்து முழங்கை பெயர்ந்ததோடு போயிற்று. அன்று சாயங்காலமே அண்ணாச்சி அந்த சைக்கிளை யாரிடமோ தூக்கிக் கொடுத்துவிட்டார். அக்கா மாடிக்குப் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். அப்படியே ஐந்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தார்.

எழுபத்திரண்டில் குல்ஷன் வந்தாள். இராயப்பேட்டைக்காரி, என் வயது. ஜாக்கெட் கையில் ஜரிகைப்பூ போட்டுக் கொடுப்பாள். புருஷன் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பத்து மாதம் தண்ணீர் மேலே. அண்ணன் அக்பர் பாஷா மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் நடப்பதற்கு முன்பே பெடல் மிதித்தாள் என்று சொல்வார்கள். தி. நகருக்கு சைக்கிளில்தான் வருவாள். கேரியரில் துணிமூட்டை இருக்கும்.

காது கேளாதவர்களிடம் எல்லாரும் கத்துவார்கள். குல்ஷன் கத்த மாட்டாள். முகத்துக்கு நேராக நின்று, வாயை நிதானமாக அசைத்துப் பேசுவாள். அக்கா உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். ஒருநாள் மாடி ஜன்னலிலிருந்து குல்ஷனின் சைக்கிளையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"இன்னாக்கா, ஓட்டணுமா?" என்று குல்ஷன் கேட்டாள்.

"எனக்கு ஹாரன் கேக்காதே."

"ஹாரன் இல்லாத எடம் ஒண்ணு கீது. ஞாயித்துக்கெழம வா, காட்டறேன்."

அந்த இடம் பெசன்ட் நகர். அப்போது அங்கே ரோடு போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, மனை பிரித்துக் கல் ஊன்றியிருந்தார்கள். வீடுகள் அதிகம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் பஸ்ஸில் அடையாறு வரை போவார்கள். அக்பர் பாஷா இரண்டு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். முதல் மூன்று வாரம் அக்கா விழுந்துகொண்டே இருந்தார். நாலாவது வாரம், கடற்கரை வரை நேராகப் போகும் ஒரு தெருவில், கோடியில் தெரிந்த கடலையே பார்த்துக்கொண்டு மிதித்தபோது சைக்கிள் நின்றது. அதாவது சாயாமல் ஓடியது. கடலைப் பார்த்தால் போதும், கீழே பார்க்க வேண்டாம் என்று பிடிபட்டுவிட்டது.

அடுத்த வருஷக் கடைசியில், அக்காவைப் பற்றிக் குல்ஷன் எழுதியிருந்ததற்குப் பதிலாக, அவளுடைய தாய்மாமா வலியுல்லாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் இராயப்பேட்டையில் பிறந்தவர். கடப்பா, கர்நூல் ஜில்லாக்களெல்லாம் சென்னை ராஜதானியில் இருந்த காலத்தில் அங்கே கால்வாய் வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. கால்வாயின் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வேலை. கர்நூலிலிருந்து கடப்பா வரை வரும் பெரிய கால்வாய் அது. கரையில் ஒரு மண்பாதை. இன்ஜினியர் ஜீப் மாதம் ஒருமுறை வரும், மற்றபடி ஆடு மாடுதான். 'அந்தக் காது கேட்காத பொண்ணைக் கூட்டிக்கிட்டு வா. இங்கே அவங்களுக்கு நேந்துவிட்ட மாதிரி ஒரு ரோடு இருக்குது' என்று எழுதியிருந்தார்.

அக்கா அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். பொங்கல் வியாபாரம் முடிந்து கடை ஓய்ந்த ஒரு மத்தியானம், கீழே இறங்கி வந்து அண்ணாச்சியின் முன்னால் நின்றார். நான் அப்போது சேலை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, பத்து நாளு நான் கடப்பா பக்கம் போய்ட்டு வாரேன். குல்ஷன்கூட. சைக்கிள்ல."

அண்ணாச்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது. "ஏ வடிவு, ரங்கநாதன் தெருவுல ஒரு கைவண்டி வந்தாலே ஒனக்கு ஒதுங்கத் தெரியாது. நீ ஆந்திராவுல போயி சைக்கிள் ஓட்டப்போறியா?"

"இங்கன ஒதுங்கத் தெரியாதுதான். அங்கன ஒதுங்கவே வேண்டாம்."

"என்னமும் ஆச்சுன்னா?"

பதில் சொன்னது அண்ணாச்சியின் மனைவி தங்கம் மைனி. சாப்பாட்டுக் கூடையோடு அப்போதுதான் கடைக்குள் வந்திருந்தார். "ஏழு வருசமா அந்த மாடியில உக்காந்திருக்கா. ஒருநா ஒரு பூ வேணும்னு கேட்டிருப்பாளா? இப்பத்தான் வாயத் தொறந்து ஒண்ணு கேக்கா. போயிட்டு வரட்டும்."

மறுநாள் அண்ணாச்சி கடையிலிருந்து நல்ல காடாத்துணியாகப் பத்து கெஜம் எடுத்து மாடிக்கு அனுப்பினார். அக்கா அதில் இருவருக்கும் இரண்டிரண்டு பைஜாமா தைத்தார். சேலையில் சைக்கிள் ஓட்டினால் சங்கிலியில் சிக்கும் அல்லவா?

எழுபத்துநாலு ஜனவரி கடைசியில் புறப்பட்டார்கள். சென்ட்ரலில் ரயிலேறி, சைக்கிள்களை லக்கேஜ் பெட்டியில் போட்டுக் கடப்பாவில் இறங்கியபோது வலியுல்லா மாமு தம் பழைய சைக்கிளோடு நின்றிருந்தார். அடர்ந்த மீசை, மேலுதடு முழுக்க மூடியிருக்கும். அவர் பேசப் பேச அக்கா உதட்டைத் தேடினார். உதடு அகப்படவில்லை. சும்மா தலையை ஆட்டி வைத்தார். குல்ஷன் சிரித்துக்கொண்டே, "மாமூ, ஒங்க மீச பேசறது அக்காவுக்குப் புரியலியாம்" என்றாள்.

அன்று மதகடியில் இருந்த ஒரு லஸ்கர் கொட்டகையில் தங்கினார்கள். காலையில் அக்கா எழுந்து வந்தபோது மாமு மழமழவென்று நின்றிருந்தார். முப்பது வருஷ மீசை. மேலுதடு மட்டும் வெளுத்து, குழந்தை முகம்போல இருந்ததாம். "இப்போ புரியுதா, பேட்டி?" என்று அவர் கேட்டது அக்காவுக்கு முழுசாகப் புரிந்தது. பேட்டி என்றால் மகளே என்று அர்த்தம் என்பதைக் குல்ஷன் சொன்னாள். அந்த ஒரு காலையை அக்கா எத்தனையோ தடவை எங்களிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது தன் மேலுதட்டைத் தடவிக்கொள்வார்.

இரண்டு நாள் மூவரும் கரையோடு போனார்கள். இடதுபக்கம் கால்வாய் நிறையத் தண்ணீர். வலதுபக்கம் நெல்வயலும் மஞ்சள் வயலும், அதற்கப்பால் பெண்ணாறு. பிறகு பெண்ணாறு பிரிந்து போய், அதில் வந்து விழும் சின்ன ஆற்றின் பள்ளத்தாக்கு தொடங்கியது. இரண்டு பக்கமும் தட்டையான தலை கொண்ட குன்றுகள். பாதை தண்ணீரோடு தண்ணீராக வளைந்து போனது, மேடும் இல்லை பள்ளமும் இல்லை. முன்னால் மாமு, நடுவில் அக்கா, பின்னால் குல்ஷன். பின்னாலிருந்து ஏதாவது வந்தால் குல்ஷனுக்குக் கேட்கும் என்பதற்காக அந்த ஏற்பாடு. எதுவும் வரவில்லை. ஒரு எருமை மட்டும் ஒரு மைல் தூரம் கூடவே நடந்து வந்தது.

ஊரில் தெருவில் நடக்கும்போது அக்காவின் தோள் எப்போதும் சற்று உயர்ந்தே இருக்கும். யாராவது பின்னாலிருந்து இடிப்பார்களோ என்ற பயம் அது. இரண்டாவது நாள் மத்தியானம் அந்தத் தோள் இறங்கிவிட்டதைப் பின்னாலிருந்து பார்த்ததாகக் குல்ஷன் சொன்னாள். "நானே பாத்தேன் இசக்கி. சட்டுனு எறங்கிச்சு. எனக்கு அழுவ வந்துட்ச்சு."

இன்னொன்று அக்கா சொன்னார். வழியில் களத்துமேட்டிலும் கொட்டகையிலும் கண்டவர்கள் எல்லாரும் தெலுங்கு பேசினார்கள். காது கேட்கிறவளாக இருந்திருந்தாலும் தனக்கு அது புரிந்திருக்காது. ஆகவே வேற்று ஊர்க்காரர் எல்லாரிடமும் செய்வதைப் போலத்தான் அவர்கள் தன்னிடமும் கையைக் காட்டிப் பேசினார்கள். செவிடி என்று யாரும் தனியாக ஒதுக்கிப் பார்க்கவில்லை. ஏழு வருஷத்தில் முதல்முறையாகத் தான் வெறும் வெளியூர்க்காரியாக மட்டும் இருந்ததாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் மாமுவின் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார்கள். மாமு வேலைக்குத் திரும்பினார். மேற்கே குன்றுக்கு மேலே என்ன இருக்கிறது என்று அக்கா கேட்டார்.

"மேலே வெறும் கல்லு. சுண்ணாம்புக்கல்லு. ஒங்க மெட்ராஸ்ல சமையக்கட்டு அலமாரிக்குப் போடறீங்களே, கடப்பாக்கல்லு, அது அங்கே தரையாவே கெடக்குது. தண்ணி நிக்காது. மழை பெய்ஞ்சா கல்லே குடிச்சுடும். நடுநடுவே பள்ளம் இருக்குது, பாத்துப் போங்கோ."

மறுநாள் காலையில் டிபன் பாக்ஸில் கட்டுச்சோறு வைத்து, அதைப் பையோடு குல்ஷன் தோளில் மாட்டிக்கொள்ள, இருவரும் மட்டும் போனார்கள். மேலே ஏறும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடிந்தது. ஏறியபின் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே சமதளம். கறுப்பும் சாம்பலுமாகப் பாளம் பாளமாகக் கல். வயல் வேலி என்பது ஆள் உயரப் பலகைக்கல்லை வரிசையாக நட்டு வைத்தது. ஒரு குடிசையைக் கண்டார்கள், சுவரும் கல், கூரையும் கல். ஒரு ஓடை ஓடி வந்து, ஓட்டை ஒன்றில் இறங்கி, அப்படியே காணாமல் போனது. குல்ஷன் அதற்குள் எட்டிப் பார்த்து, "உள்ள ஏசி ஓடுது அக்கா" என்றாள். உள்ளேயிருந்து அப்படிக் குளிர்காற்று வந்ததாம்.

மாட்டுவண்டிகள் கல் ஏற்றிப் போய்ப் போய் வழவழத்த ஒரு பாதை அந்த மேட்டின் மறுபக்கமாகச் சரிந்து இறங்கியது. அக்கா முன்னால் போனார். சக்கரம் ஒவ்வொரு பாளத்தின் இடுக்கையும் தாண்டும்போது ஹாண்டில்பாரில் ஒரு தட்டு, அடுத்த பாளத்துக்கு இன்னொரு தட்டு. வேகம் கூடக் கூடத் தட்டும் கூடியது. மணிக்கட்டில் மிருதங்கம் வாசிப்பதுபோல இருந்தது, காதுக்கு வராதது கைக்கு வந்தது என்று அக்கா சொன்னார். கோடியில் தெரிந்த ஒரு வேப்பமரத்தைப் பார்த்தபடியே, பிரேக் பிடிக்காமல், இறங்கிக்கொண்டே இருந்தார். திரும்பிப் பார்த்தால் தரை சாயும் என்பதால் திரும்பவில்லை.

வேப்பமரத்தடியில் காலை ஊன்றி, மெதுவாக உடம்போடு திரும்பிப் பார்த்தார். பாதை காலியாக இருந்தது.

குல்ஷன் வருவாள் என்று சற்று நின்றார். வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினார். அது அரை மைல் என்பார் அக்கா. இரண்டு மைல் என்பாள் குல்ஷன். எனக்குத் தெரியாது. பாதியில் குல்ஷனின் சைக்கிள் கிடந்தது. முன்சக்கரம் கல் இடுக்கில் சிக்கி எட்டுபோல வளைந்திருந்தது. குல்ஷனைக் காணவில்லை.

"குல்ஷன்!" என்று அக்கா கத்தினார். தன் குரல் வெளியே வந்ததா என்பதுகூட அவருக்குத் தெரியாது. இரண்டாம் முறை கத்த வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள், எனக்குத்தான் கேட்கவில்லை என்று தோன்றியது. பட்டணத்தில் காது இல்லாததால் ஆபத்து தனக்கு. இங்கே அந்தக் காதால் ஆபத்து இன்னொருத்திக்கு வந்துவிட்டதே என்று நினைத்தார்.

பிறகு அவர் செய்தது ஒன்றுதான். நின்ற இடத்தில் நின்று, கண்ணால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் துழாவினார். புதர், கல், வேலி, மறுபடி புதர். ஒரு புதருக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று மேலே எழும்பி விழுந்தது. என்னவென்று தெரியவில்லை. அங்கேயே பார்த்தார். இன்னொன்று எழும்பியது. செருப்பு!

ஓடிப்போய்ப் பார்த்தால் புதரை ஒட்டி ஒன்றரை ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம். சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு உருண்டு அதற்குள் விழுந்திருக்கிறாள். அக்கா விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தார். குல்ஷன் அண்ணாந்து நிதானமாக வாயை அசைத்தாள்.

"இன்னாக்கா, ரெண்டு செருப்பும் தீந்துபோச்சு. அடுத்தது டிபன் பாக்ஸ்தான் எறியணும்னு வெச்சிருந்தேன்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குல்ஷனின் கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது, ஊன்ற முடியவில்லை. பள்ளத்தின் சுவர் நெட்டுக்குத்தாக இருந்தது. சேலையாக இருந்தால் அவிழ்த்துக் கயிறாக விட்டிருக்கலாம், பைஜாமாவைப் போட்டுக்கொண்டு வந்தோமே என்று அந்த நேரத்திலும் நினைத்துக்கொண்டாராம். ஆள் தேடிப் புறப்பட்டார். எங்கே தேடுவது? சத்தத்தை வைத்துத் தேட முடியாது. மேட்டில் ஏறி நின்று பார்த்தபோது தெற்கே வெள்ளையாகத் தூசி எழும்புவது தெரிந்தது.

அங்கே கல் வெட்டும் குழி ஒன்று. ஐம்பது வயதை நெருங்கும் ஒரு அம்மாள் கடப்பாரையால் பாளத்தை நெம்பி நெம்பி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வண்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது. அவர் பெயர் சுப்பம்மா. அக்கா ஓடிவருவதைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கேட்டார். அக்கா காதைத் தொட்டுக் கையை விரித்தார். சுப்பம்மா உடனே வாயை மூடிக்கொண்டு கையால் பேச ஆரம்பித்துவிட்டார். சம்மட்டி அடிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது பழக்கம். யார், எங்கே, எத்தனை பேர், ரத்தம் உண்டா? நாலு கேள்வி, நாலு பதில். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சுப்பம்மா வண்டியை அப்படியே பள்ளத்துக்கு ஓட்டிவந்தார். குல்ஷனை ஒரு ஓரமாக ஒதுங்கச் சொல்லிவிட்டு, ஏற்றியிருந்த பாளங்களை ஒவ்வொன்றாகச் சரித்துப் பள்ளத்துக்குள் இறக்கினார். பிறகு கீழே இறங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அக்காவும் கைகொடுத்தார். அரை மணியில் அங்கே ஒரு படிக்கட்டு இருந்தது. சுப்பம்மா குல்ஷனை முதுகில் ஏற்றிக்கொண்டு அந்தப் படியில் ஏறி வந்தார். மீதமிருந்த கல்லையும் பாதையோரம் இறக்கிப் போட்டுவிட்டு, குல்ஷனையும் வளைந்த சைக்கிளையும் வண்டியில் வைத்து, எட்டு மைல் தள்ளியிருந்த மாமுவின் வீடுவரை கொண்டுவந்து விட்டார். அந்த அம்மாளின் ஒருநாள் உழைப்பு முழுக்க அந்தப் பள்ளத்துக்குள்ளும் பாதையோரத்திலும் கிடந்தது. அதைப் பற்றி ஒரு சைகைகூடக் காட்டவில்லை. மாமு கொடுத்த டீயைக் குடித்தார். அக்காவின் கன்னத்தை ஒருமுறை தட்டினார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

குல்ஷனுக்கு எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். மாமு மஞ்சளும் புளியும் காய்ச்சிப் பற்றுப் போட்டார். ஒரு வாரம் நடக்கக்கூடாது என்றார். அக்கா பக்கத்து ஊர்த் தபாலாபீசில், 'ஒரு வாரம் தாமதம், கவலை வேண்டாம்' என்று அண்ணாச்சிக்குத் தந்தி கொடுத்தார்.

கவலை வேண்டாம் என்று தந்தி வந்தால் யாருக்குத்தான் கவலை வராது? அண்ணாச்சி அன்று மாலை ரயிலிலேயே ஏறிவிட்டார். கடையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடப்பாவில் விசாரித்தால் கால்வாய்க் கரையில் பஸ் கிடையாது, டாக்சிக்காரர் வரமாட்டேன் என்றார். அண்ணாச்சிக்குக் கனத்த உடம்பு, தொந்தி வேறு. சைக்கிள் தொட்டு இருபது வருஷம் ஆகியிருக்கும். வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரையில் ஏறிவிட்டார். வழியிலிருந்த லஸ்கர்கள் அவருக்குச் சோறு போட்டுப் படுக்க இடமும் கொடுத்தார்கள். இரண்டாவது நாள் மத்தியானம் மாமுவின் வாசலில் வந்து இறங்கியபோது முகம் தோலுரிந்து போயிருந்தது.

அக்கா அப்போது வீட்டில் இல்லை. குல்ஷனுக்குத் தைலம் வாங்கிவரத் தனியாகப் போயிருந்தார். அண்ணாச்சி வாசல் கட்டிலில் உட்கார்ந்து, தூரத்தில் கரைமேல் ஒரு புள்ளி வருவதைப் பார்த்தார். புள்ளி சைக்கிளாயிற்று. சைக்கிள் தங்கையாயிற்று. நேராக நிமிர்ந்து, வெயிலில் கறுத்து, பைஜாமா முழங்காலில் கிழிந்து, எதையோ தானாகப் பாடிக்கொண்டு வந்தார். காது போனபின் அக்கா பாடி அண்ணாச்சி கேட்டதில்லை. சுருதி துளிகூடச் சேரவில்லை என்று அண்ணாச்சியே என்னிடம் சொன்னார்.

அக்கா இறங்கிப் பயந்துபோய் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தார். அண்ணாச்சி எழுந்து அவர் முகத்துக்கு நேரே வந்து, குல்ஷன் பேசுவதுபோல நிதானமாக வாயை அசைத்துச் சொன்னார்: "ஏ வடிவு, நாப்பது மைலு வந்தேன். ஒரு லாரி வரலியே!"

குல்ஷனின் கால் தேறி, அவள் சைக்கிளுக்கு வேறு முன்சக்கரமும் போட்டபின், மாமுவைத் தவிர மற்ற மூவரும் சேர்ந்து திரும்பினார்கள். இந்தமுறை வரிசையை அக்கா மாற்றிவிட்டார். குல்ஷன் முன்னால், அண்ணாச்சி நடுவில், அக்கா கடைசி. "கண்ணுதான் எனக்கு இருக்கு. கண்ணு இருக்கவ பின்னாலதான் வரணும்" என்றார். பின்னாலிருந்து வருவதைக் கேட்க ஆள் வேண்டாமா என்று குல்ஷன் கேட்டாள். வந்தால்தானே என்றார் அக்கா.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் போனார்கள். முதல் தடவையையும் சேர்த்து நாலு வருஷம். ஒருமுறை கால்வாயின் தலைப்பு வரைக்கும் போய்த் துங்கபத்திராவில் குளித்துவிட்டு வந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் சுப்பம்மாவுக்கு ஒரு சேலை போகும். எந்தச் சேலை என்று நான்தான் எடுத்துக் கொடுப்பேன். கல்வேலைக்கு எது தாங்கும் என்று அக்கா நூலை இழுத்து இழுத்துப் பார்ப்பார்.

எழுபத்தெட்டில் மாமுவிடமிருந்து கடிதம் வந்தது. கல் சில்லு தெறித்துச் சுப்பம்மாவின் வலது கண் எப்போதோ போய்விட்டது, இப்போது இடது கண்ணிலும் புரை விழுந்து, வேலை செய்ய முடியவில்லை என்று எழுதியிருந்தார். அக்கா படித்து முடித்ததும் அண்ணாச்சியிடம் நீட்டினார். "வரச் சொல்லு" என்றார் அண்ணாச்சி. மாமுவே சுப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டு, ஏழு நாள் அசையாமல் படுக்கச் சொன்னார்கள்.

குல்ஷனுக்கு அப்போது கைக்குழந்தை. பகலெல்லாம் அக்காதான் பக்கத்தில் இருந்தார். அவருக்குக் காது இல்லை, அந்த அம்மாளுக்குக் கண் இல்லை. கையைக் காட்டிப் பேசினால் பார்க்க முடியாது, வாயால் பேசினால் கேட்க முடியாது. முதல்நாள் இருவரும் திணறிப் போனார்கள். மறுநாள் அக்கா சுப்பம்மாவின் உள்ளங்கையில் விரலால் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு தண்ணீர், இரண்டு தட்டு சாப்பாடு, வட்டம் போட்டால் நர்ஸ் வருகிறார். வலித்தால் சுப்பம்மா அக்காவின் சுண்டுவிரலை இழுப்பார்.

ஐந்தாம் நாள் நான் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். சுப்பம்மா படுத்தபடியே தெலுங்கில் ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். அக்காவின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பேச்சு நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும், "என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் இசக்கி? ரொம்ப நேரம் சொன்னாங்க. எல்லாம் அதுருச்சு, நல்லா அதுருச்சு" என்றார். காப்பியை ஆற்றிக்கொண்டே, "நான்தான் அவங்களுக்குச் சொல்லணும்னு நெனச்சேன். அவங்க முந்திக்கிட்டாங்க" என்றார்.

கட்டு அவிழ்த்தபோது இடது கண் நன்றாகத் தெரிந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்று போட்டு, பங்குனியில் சுப்பம்மா ஊருக்குப் போனார். கண்ணாடிக்கு உறை தைத்துக் கொடுத்தது அக்கா.